மரகதத்தின் சீட்டில் இரண்டு இடம்

சிவாஜிநகர், பெங்களூர்
10 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

பிரபா எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பதறிவிடாதீர்கள். இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை, உங்கள் தம்பிக்குத் தும்மல்கூட இல்லை. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? எத்திராஜ் அண்ணன் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் போனுக்கு ரகசியம் கிடையாது அண்ணி. கல்யாணமான புதிதில் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம் அது. மாதத்தின் முதல் ஞாயிறு டிபன் ஆனதும் பாயில் உட்கார்ந்து இரண்டு போனையும் நடுவில் வைப்போம். அவர் போனை நான் பார்ப்பேன், என் போனை அவர் பார்ப்பார். வாடகை, மளிகை, பெட்ரோல் போக மிச்சம் முழுக்க வீட்டுக்கு. ஆளுக்கு ஐயாயிரம் மட்டும் கைச்செலவு. அதற்கு யாரும் யாரையும் கணக்குக் கேட்கக்கூடாது.

பெங்களூர் லீஸ் உங்களுக்குத் தெரியும்தானே? ஓனரிடம் ஒன்பது லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்கு வாடகை இல்லை. காலி செய்யும்போது அந்தப் பணம் அப்படியே திரும்பி வரும். அதைப் பிடித்துவிட்டால் மாத வாடகைப் பணத்தைச் சேர்த்து ஓசூரில் ஒரு மனை வாங்கலாம். இதுதான் எங்கள் திட்டம். ஆறு லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆரம்பிக்கிற ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டில் எனக்கு ஓர் இடம் வேண்டும். கைச்செலவுப் பணத்திலிருந்து கட்டுகிறேன். சம்பளத்தில் பெரிய பங்கு அவருடையது. ஓவர்டைம் பார்ப்பதும் அவர்தான். ஒரு நாள் நானும் ஒரு கட்டுப் பணத்தைப் பாயில் வைக்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதனால் அவருக்குத் தெரியவே கூடாது. எத்திராஜ் அண்ணன் பேரிலேயே இருக்கட்டும். துணிக்கடையில் என்னோடு வேலை செய்யும் வீணா உங்கள் ஊர்தான். மாதா மாதம் ஊருக்கு வரும்போது பணத்தைக் கொடுத்துவிடுவாள். பதிலைக் கடை முகவரிக்கே போடுங்கள்.

உங்கள்
பிரபா


தொம்மலூர்
12 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

கவியரசன் எழுதுவது. நானும் பிரபாவும் சௌக்கியம். நீயும் மாமாவும் எப்படி? முட்டிக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டில் அலமாரியில் தூங்குகிறதா?

உன் தம்பி பேனா பிடித்து எவ்வளவு வருஷம் ஆகிறது பார். ஒரு ரகசியம், அதனால்தான். போனில் பேசினால் பிரபா கண்ணில் பட்டுவிடும்.

உன் புதுச் சீட்டில் எனக்கு ஓர் இடம் வை. பிரபாவுக்குத் தெரியவேண்டாம். லீஸ் வீட்டுக்கு என்று பணம் சேர்க்க ஆரம்பித்த முதல் மாதமே அவள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி விற்றுப் போட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத்தான் அந்த வெறுங்கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்னவோ போல் இருக்கிறது. என் கைச்செலவில் மிச்சம் பிடித்து, ஒரு நாள் ஒரு லட்சத்தை அவள் முன்னால் வைக்கவேண்டும்.

உங்கள் தெருக் கில்பர்ட் அண்ணன் பேரில் போட்டுக்கொள். அவர்தான் மாதம் ஒரு தடவை சிவாஜிநகர்க் கடைகளுக்குச் செருப்புச் சரக்குப் போட வருகிறாரே, அவரிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலை நான் ஏசி மெக்கானிக்காக இருக்கிற கட்டடத்துக்கே எழுது. செக்யூரிட்டி ரகுராம் வாங்கி வைப்பார்.

உன் தம்பி
கவி


குடியாத்தம்
20 ஜூன் 2024

பிரபாவுக்கு அண்ணி எழுதுவது.

முட்டி என்னுடையது, அது வலிக்கத்தான் செய்யும். உன் அண்ணன் மாத்திரையும் போடுகிறார், அதற்கு மேல் ஒரு ஜாங்கிரியும் போடுகிறார். நீங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டால் அதுவே எனக்குப் போதும்.

உனக்கு இடம் உண்டு. என் சட்டத்தைக் கேட்டுக்கொள். இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம், இருபது மாதம். இரண்டாவது ஞாயிறு என் வீட்டில் ஏலம். பணம் வேண்டியவர்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்து எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்பார்கள். அதற்குப் பெயர் தள்ளு. அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு. தள்ளிய பணத்தை இருபது பேரும் பங்கு பிரித்துக்கொள்வோம், அதனால் அந்த மாதம் எல்லாருக்கும் கட்டுவது குறையும். என் கூலி முதல் மாதச் சீட்டு, தள்ளு இல்லாமல்.

இன்னொன்று. சீட்டு பிடிக்கிறவளுக்கு வாய் இருக்கக்கூடாது. எங்கள் தெருவில் ஒருத்தி ஓர் ஆளின் அவசரத்தை இன்னோர் ஆளிடம் சொன்னாள். சீட்டும் போயிற்று, இரண்டு குடும்பமும் பேச்சில்லாமல் போயிற்று. அதனால் உன் ரகசியம் என்னோடு. யார் ரகசியமும் என்னோடுதான்.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏன் என்று கேட்காதே.

அண்ணி மரகதம்


சிவாஜிநகர்
8 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஆயுத பூஜைக்கு இங்கே கடையில் கூட்டம் நெரிகிறது, நின்று நின்று கால் வீங்கிவிட்டது. மற்றபடி குறையில்லை. அங்கே மழை உண்டா? அண்ணனை ஜாங்கிரிக் கடைப் பக்கம் விடாதீர்கள்.

மனதில் இருப்பதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தம்பி இப்போதெல்லாம் கருமியாகிவிட்டார். சனிக்கிழமை தவறாமல் பூ வாங்கி வருவார், அது நின்றுபோயிற்று. பிஞ்ச செருப்பைத் தைத்துத் தைத்துப் போடுகிறார். வெளியே டீ குடிப்பதுகூட இல்லையாம், "பித்தம்" என்கிறார். கைச்செலவை என்ன செய்கிறார் என்று கேட்க வாய் வருகிறது, ஆனால் கேட்கக்கூடாது என்பது சட்டம். நானே போட்ட சட்டம். ஒருவேளை என்மேல் ஏதாவது சலிப்பா அண்ணி? உங்களிடம் ஏதாவது சொன்னாரா?

நான் மட்டும் என்ன, ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகிறேன், பாதித் தூரம் நடக்கிறேன். அவர் கேட்டால் "உடம்பு குறையணும்" என்கிறேன்.

மூன்று மாதமாகத் தவறாமல் கட்டிவிட்டேன் என்பது ஒன்றுதான் இப்போது எனக்கு நிம்மதி.

உங்கள்
பிரபா


தொம்மலூர்
2 டிசம்பர் 2024

அக்கா,

எல்லாரும் சுகம்தானே? இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. பிரபாவுக்கு லேசாக இருமல், கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

வீடு கிடைத்துவிட்டது அக்கா. மர்பி டவுனில், மாடியில் இரண்டு ரூம். சமையலறைக்குத் தனி ஜன்னல் இருக்கிறது. பிரபா அந்த ஜன்னலைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். இப்போது இருக்கிற வீட்டில் சமைத்தால் புகை தலையணை வரைக்கும் வரும், உனக்குத் தெரியுமே. ஓனர் முனிராஜ் நல்ல மனிதர். ஆனால் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் முழு ஒன்பது லட்சம் வேண்டும் என்கிறார். எங்களிடம் எட்டு இருக்கும்.

நேற்று பாயில் உட்கார்ந்து பேசினோம். இன்னும் ஒரு லட்சம் சேர ஜூன் ஆகும். "விட்டுடலாமா?" என்றேன். "சரி, விட்டுடலாம், வேற வீடு வராமயா போயிடும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வெளியில்தான் அப்படிச் சொன்னேன். ஜனவரி ஏலத்தில் சீட்டை எடுத்தே ஆகவேண்டும். முப்பத்தேழாயிரம் வரைக்கும் தள்ளலாம் என்று கில்பர்ட் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு போகாது. யார் போட்டிக்கு வரப்போகிறார்கள்? பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். கொஞ்சநஞ்சம் குறைந்தால் கம்பெனியில் முன்பணம் வாங்கிக்கொள்வேன்.

கவி

பி.கு. அவள் ரொம்ப இளைத்துவிட்டாள். நடக்கிறாளாம். ஆட்டோவில் போ என்றால் கேட்பதில்லை.


சிவாஜிநகர்
4 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன். மர்பி டவுனில் ஒரு வீடு பார்த்தோம். வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. உங்கள் தம்பி அந்த இடத்தில் போய் வெறுமனே நின்று பார்த்தார். இங்கே தெருவில் நிறுத்தி மூன்று தடவை கண்ணாடி உடைந்துவிட்டதே.

ஒரு லட்சம் குறைகிறது. ஞாயிற்றுக்கிழமை அவரே "விட்டுடலாமா?" என்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் சரி என்று சிரித்து வைத்தேன். பணம் எங்கேயிருந்து வரும் என்று எனக்குத்தானே தெரியும்!

ஜனவரி ஏலத்தில் எனக்குச் சீட்டு வேண்டும் அண்ணி. முப்பத்தெட்டாயிரம் வரை போகலாம் என்று கடைப் போனிலிருந்து எத்திராஜ் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவு ஏறாது என்றார். குறைகிறதைக் கடையில் முன்பணம் கேட்டுச் சரிசெய்துகொள்வேன்.

உங்கள்
பிரபா


குடியாத்தம்
13 டிசம்பர் 2024

பிரபாவுக்கு,

அண்ணிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் சரியில்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

ஜனவரி வேண்டாம் என்று தோன்றுகிறது. இன்னும் ஒரு மாதம் பொறு. அந்த மாதம் ஏலம் சூடாக இருக்கும். பொறுக்க முடியாது என்றால், ஏலத்துக்கு முன்னால் கவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கேள். ஒரு வார்த்தைதான். புருஷனிடம் சொல்வதால் உன் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. அவன் உன்மேல் சலிப்பில் இருக்கிறானா என்று அக்டோபரில் கேட்டிருந்தாய். இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இதற்கு மேல் எழுத எனக்கு வாய் இல்லை. சீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் உன் அண்ணியாகவும் பேச முடியாது. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருக்கிறேன்.

இருமலுக்குச் சுக்குத்தூள் வீணாவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மரகதம்


தொம்மலூர்
16 ஜனவரி 2025

அக்கா,

பொங்கல் நல்லபடியாகப் போயிற்றா? நாங்கள் குக்கரில் பொங்கினோம். விசில் வந்தபோது "பொங்கலோ பொங்கல்" என்று பிரபா கத்தினாள், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். என்னவோ தெரியவில்லை, அவள் ஒரே குஷியில் இருக்கிறாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

கில்பர்ட் அண்ணன் ரகுராம் போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நான் முப்பத்தேழு வரைக்கும் போயும் எவனோ முப்பத்தெட்டுக்குத் தட்டிக்கொண்டு போய்விட்டானாம். யார் என்று நீயும் சொல்லமாட்டாய். ஒரு லட்சத்துக்கு முப்பத்தெட்டாயிரத்தைத் தள்ளி எடுக்கிறான் என்றால் அவனுக்குப் புத்தி இருக்கிறதா? வயிறு எரிந்து சொல்கிறேன், எங்கள் வீட்டைக் கெடுத்த அந்தக் குடும்பம் உருப்படாது.

பொறுத்துக்கொள், எதற்கும் வீட்டில் கலந்துகொள் என்று நீயும் எழுதியிருந்தாய். நான்தான் கேட்கவில்லை. வீடு போயிற்று அக்கா. அந்த ஜன்னல் போயிற்று.

கவி


குடியாத்தம்
21 ஜனவரி 2025

தம்பி கவிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் சோறு உண்ணவில்லை.

அந்தக் குடும்பத்தைச் சபிக்காதே. எழுதியதை மனசால் அழித்துவிடு. அந்தக் குடும்பம் உருப்படவேண்டும் தம்பி. நான் விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிற குடும்பம் அது. அதைச் சொன்ன உன் வாயில் இப்போதே ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டுக்கொள்.

அன்றைக்கு ஏலத்தை நிறுத்த என்னால் ஆனதைச் செய்தேன். பத்தாயிரத்தில் எல்லாரும் விலகிவிட்டார்கள். அப்புறம் இரண்டே பேர். ஒரு பக்கம் கில்பர்ட், ஒரு பக்கம் இன்னொருவர். நடுவில் டீ போட்டுக் கொடுத்தேன். இருபதைத் தாண்டியதும் மறுபடி டீ போட்டேன். போதும்பா, போதும்பா என்றேன். இருவரும் கேட்கவில்லை, சொல்லி அனுப்பிய ஆட்களுக்கு விசுவாசமாக இருந்தார்கள். முப்பத்தெட்டு என்று விழுந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள், தலைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருகிறதே. நான் மட்டும் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அடுத்த முதல் ஞாயிறு பாயில் உட்காரும்போது வாயை மூடிக்கொண்டு உட்காராதே. நீ எதைப் பொத்தி வைத்திருக்கிறாயோ அதைச் சொல்லிவிடு. இது சீட்டுக்காரி சொல்வதில்லை, உன் அக்கா சொல்வது.

மரகதம்


பெங்களூர்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

நாங்கள் நலம். எழுதுவது பிரபா, பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் தம்பி.

நேற்று டிபன் ஆனதும் போன்களை நடுவில் வைத்தோம். நான் பையிலிருந்து அறுபத்திரண்டாயிரத்தை எடுத்துப் பாயில் வைத்தேன். எவ்வளவு நாள் கனவு கண்டிருப்பேன் அந்த நிமிஷத்தை! அவர் முகம் மலரும் என்று பார்த்தால் வெளுத்துப்போயிற்று. "இது எங்கேருந்து?" என்றார். உங்க அக்கா சீட்டு, ஜனவரியில எடுத்தேன் என்றேன். "எவ்ளோ தள்ளி?" என்றார். முப்பத்தெட்டு என்றேன். யாரோ ஒரு பிசாசு முப்பத்தேழு வரைக்கும் விடாமல் ஏத்திவிட்டுச்சு என்றேன்.

அவர் அப்படியே பாயில் மல்லாந்து படுத்துவிட்டார். "அந்தப் பிசாசு நான்தான்" என்றார்.

எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் அண்ணி. முதலில் நான் அழுதேன். சங்கிலிக் கதையைச் சொல்லி அவர் அழுதார். அப்புறம் பிஞ்ச செருப்பும் நடைப்பயிற்சியும் ஞாபகம் வந்து, சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. சபித்ததையும் சொன்னார். சர்க்கரை டப்பாவைத் திறந்து நானே அவர் வாயில் போட்டேன்.

உங்கள்மேல் கோபமா என்று கேட்காதீர்கள். முதலில் இருந்தது. உங்கள் டிசம்பர் கடிதத்தை எடுத்துப் படித்த பிறகு இல்லை. வாயைத் திறக்காமல் எவ்வளவு கத்தியிருக்கிறீர்கள்.

மாலையில் முனிராஜ் அண்ணாவிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். முப்பத்தெட்டாயிரம் குறைகிறது, முன்பணம் கேட்டு இரண்டு இடத்திலும் இல்லை என்றுவிட்டார்கள் என்றோம். அவர் வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டியா இந்தக் கதைய" என்று மறுபடி சொல்லச் சொன்னார். அப்புறம், "ஆய்த்து, சரி, பிப்ரவரி கடைசி வரைக்கும் டைம் எடுத்துக்கோங்க. இனிமே ஏலத்த வீட்டுக்குள்ளயே போட்டுக்கோங்க" என்றார்.

இந்த ஞாயிறு ஏலத்தில் அவர் சீட்டைக் கேட்கப்போகிறோம். அதுவும் சூடாகப் போனால் வீட்டுக்காக இன்னொரு முப்பத்தெட்டாயிரத்தை இழக்கவேண்டும். நம் கதையைச் சீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம், உங்கள் வாய்க்கு நாங்கள் இருவரும் அனுமதி கொடுக்கிறோம். இனிக் கடிதங்களை வீட்டு முகவரிக்கே போடுங்கள். யார் பிரித்தாலும் சரி.

பிரபா, கவி


குடியாத்தம்
10 பிப்ரவரி 2025

கவிக்கும் பிரபாவுக்கும்,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் உங்கள் கதையைச் சொன்னேன். எட்டு மாதம் அடைத்து வைத்திருந்த வாய், நிற்கவே இல்லை. சிரித்தார்கள். உன் அண்ணன் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு, "நானே நம்ம பசங்கள அடிச்சிட்டனே" என்று கில்பர்ட்டைப் பார்த்தார். கில்பர்ட் அவரைப் பார்த்தார். சீட்டில் இருக்கும் காந்தா போன மாதப் பங்கில் புதுக் குக்கர் வாங்கியிருந்தாள், அது என்னவோ தன் குற்றம் போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிறகு ஏலத்தை ஆரம்பித்தேன். சட்டப்படி குறைந்தது ஐந்நூறு தள்ளவேண்டும். கில்பர்ட் "ஐந்நூறு" என்றார். நான் காத்திருந்தேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. காந்தாவின் பெண்ணுக்குத் தையில் நிச்சயமாகிப் பங்குனியில் கல்யாணம், இந்த மாதம் எடுத்தே தீருவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காந்தா?" என்றேன். "எனக்கு அடுத்த மாசம் போதும்க்கா. நீ மூணு தரம் சொல்லி முடி" என்றாள்.

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். தொண்ணூற்றொன்பதாயிரத்து ஐந்நூறு. கில்பர்ட் புதன்கிழமை கொண்டுவருகிறார்.

போய்ப் பாலைக் காய்ச்சுங்கள். அந்த ஜன்னலை எனக்காகவும் ஒரு தடவை திறந்து மூடுங்கள்.

மரகதம்


குடியாத்தம்
18 ஜூன் 2025

கவிக்கும் பிரபாவுக்கும்,

மர்பி டவுன் வீட்டில் இரண்டு பேருக்கும் உடம்பு தேறியிருக்கிறது என்று வீணா சொன்னாள். சந்தோஷம். வாடகைக்குப் போன பணத்தில் இரண்டு சீட்டையும் தவறாமல் கட்டுகிறீர்கள், அதுவும் சந்தோஷம். என் முட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், பரவாயில்லை.

ஆடி கழிந்ததும் ஐம்பதாயிரத்தில் ஒரு சின்னச் சீட்டு ஆரம்பிக்கிறேன் என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது போல. இந்த வாரம் எனக்குப் பெங்களூரிலிருந்து இரண்டு கடிதம். ஒன்று துணிக்கடையிலிருந்து, ஒன்று ரகுராம் முகவரியிலிருந்து. ஒருவருக்கு இன்னொருவர் கழுத்துக்குச் சங்கிலி வாங்கவேண்டுமாம். ஒருவருக்கு இன்னொருவர் பழைய வண்டியை மாற்றவேண்டுமாம். இரண்டிலும் கடைசி வரி ஒன்றுதான், தெரியவே கூடாதாம்.

சீட்டு பிடிக்கிறவளுக்கு வாய் இருக்கக்கூடாது. ஆனால் கை இருக்கலாம். இரண்டு கடிதத்தையும் இதே உறையில் வைத்து, வீட்டு முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். யார் பிரித்தாலும் சரி.

அக்காவும் அண்ணியுமான
மரகதம்